வைர டெஸ்டர் பேனா: எதைக் காட்டிக்கொடுக்கும், எதைக் கோட்டை விடும்

சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் தை, மாசியில் கும்பகோணம் பெரிய கடைத் தெருவிலும் மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவிலும் திருச்சி பெரிய கடை வீதியிலும் வைர மோதிரம் விசாரிக்கிறவர்கள் கூடிவிடுகிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்தில் வைரம் என்றால் தோடு, மூக்குத்தி, பேசரி. தெரிந்த கடை, தெரிந்த பத்தர், அவர் சொன்னால் சரி. இப்போது நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் மோதிரம். வாங்குவது புதிய கடையிலோ இணையத்திலோ. அந்தப் பயத்தில்தான் பலரும் ஒரு டெஸ்டர் பேனாவையும் சேர்த்து வாங்கி வைக்கிறார்கள். அந்தப் பேனாவைப் பற்றியதே இந்த விமர்சனம்.

இணையக் கடைகளில் அதிகம் கிடைப்பது 'டயமண்ட் செலக்டர் டூ' என்று எழுதிய மாடல். அதே அச்சில் பல பெயர்களில் வருகிறது. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் உடம்பு, அழுத்தினால் உள்ளே போகும் செம்பு முனை, பக்கவாட்டில் ஒரு திருகு, மேலே வரிசையாகச் சின்ன விளக்குகள், உள்ளே 9 வோல்ட் சதுர பேட்டரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்கன் டயமண்டை வைரம் என்று தலையில் கட்டப் பார்த்தால் இந்தப் பேனா பிடித்துவிடும். கண்ணாடி, வெள்ளை டோபாஸ், வெள்ளை நீலக்கல் ஆகியவற்றையும் பிடித்துவிடும். வைரம் போலவே தெரியும் வேறொரு கல்லான மாய்ஸனைட்டைப் பிடிக்காது. லேபில் வளர்த்த வைரத்தையும் பூமியில் வெட்டியெடுத்த வைரத்தையும் பிரித்துச் சொல்லாது. இன்றைக்கு ஏமாற்றம் அதிகம் நடக்க வாய்ப்புள்ள இடம் இந்தக் கடைசி இரண்டும்தான்.

பேனா பார்ப்பது கல்லின் பளபளப்பை அல்ல, அது சூட்டை இழுக்கும் வேகத்தை. வைரம் செம்பைவிடச் சுமார் ஐந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அமெரிக்கன் டயமண்ட் எனப்படும் கியூபிக் ஜிர்கோனியா கிட்டத்தட்டக் கடத்தாது என்றே சொல்லலாம். பேனாவின் முனை லேசாகச் சூடேறி இருக்கும். கல்லில் வைத்ததும் அந்தச் சூடு உறிஞ்சப்பட்டால் விளக்குகள் உச்சி வரை ஏறி 'பீப்' என்று சத்தம் வரும். உறிஞ்சப்படாவிட்டால் விளக்குகள் அடியிலேயே நிற்கும்.

கொள்கை சரி, கோளாறு வருவது பயன்படுத்தும் விதத்தில். முதலில் மோதிரத்தைக் கழுவ வேண்டும். வைரத்தின் மேல் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். தினம் தலைக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் அரைத்து, சந்தனம் குழைக்கிற கையில் இருக்கும் கல்மேல் ஒரு படலம் கட்டாயம் இருக்கும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரோ, வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவமோ போதும். கால் மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய டூத் பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கம் வரை தேய்த்து, பருத்தித் துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட வேண்டும். கிண்ணத்தில்தான் கழுவ வேண்டும். குழாயடியில் கழுவிக் கல் விழுந்தால் சாக்கடையைத் தோண்ட வேண்டி வரும்.

அடுத்தது மின்விசிறி. பேனாவின் முனையில் காற்று பட்டாலே சூடு இறங்கும், விளக்குகள் தாறுமாறாக ஏறும். மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, கீழே சோதனை செய்து வந்த முடிவை நம்பாதீர்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, மோதிரமும் பேனாவும் ஒரே அறையில் பத்து நிமிடம் இருந்த பிறகு தொடங்குங்கள். ஏசி கடையிலிருந்து சித்திரை வெயிலுக்கு வந்த மோதிரத்தை வாசலில் வைத்தே சோதிப்பதும் இதே தவறுதான்.

திருகு ஏன் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பேனாவின் உடம்பில் ஒரு சிறு அட்டவணை அச்சாகியிருக்கும். ஒரு பக்கம் அறையின் வெப்பம், இன்னொரு பக்கம் கல்லின் எடை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்ணிக்கைக்கு விளக்குகளைத் திருகி வைக்க வேண்டும். தஞ்சாவூரில் ஆண்டில் பெரும்பாலான நாள் பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல்தான். அதனால் 30-க்கு மேல் என்ற வரிசையைத்தான் பெரும்பாலும் பார்க்க வேண்டும். பொடிக் கல்லுக்குத் திருகியதை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய கல்லைச் சோதித்தால் வேறு கல்லும் வைரம் போல ஏறிவிடலாம். பெரிய கல்லுக்கு வைத்ததில் பொடியைச் சோதித்தால் நிஜ வைரமே தோற்றுப்போகலாம்.

முனையைக் கல்லின் மேல்தட்டையான பரப்பில் நேர்செங்குத்தாக, லேசாக அழுத்தி வைக்க வேண்டும். சாய்த்தால் தொடுபரப்பு மாறிவிடும். கல்லைப் பிடித்திருக்கும் தங்க நுனிகளில் பட்டால் கதையே வேறு. தங்கமும் சூட்டை நன்றாகக் கடத்துவதால் அமெரிக்கன் டயமண்டுக்கும் வைரத்தின் அடையாளம் வந்துவிடும். இதற்காகவே பேனாவில் உலோக எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வேலை செய்ய, ஒரு கையின் விரல் மோதிரத்தின் தங்கத்திலும், இன்னொரு கையின் விரல் பேனாவின் பக்கத்திலிருக்கும் உலோகத் தகட்டிலும் பட்டிருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டோ மோதிரத்தைத் துணியில் பிடித்துக்கொண்டோ செய்தால் எச்சரிக்கை ஒலிக்காது. ஒரு முறை தொட்ட பிறகு முனை மறுபடி சூடேறச் சில நொடிகள் பொறுங்கள். ஐந்து சென்ட்டுக்கு, அதாவது 0.05 காரட்டுக்குக் கீழான கல்லாக இருந்தால் கல்லே சூடாகியிருக்கும். அரை நிமிடம் விட்டுத் தொடுங்கள். பேட்டரி இறங்கிய பேனா பொய் சொல்லும். பல மாதம் மேஜையில் கிடந்த பேனாவுக்குப் புது பேட்டரி போட்டுவிட்டே எடுக்க வேண்டும். தெரிந்த வைரம் ஒன்றிலும் தெரிந்த அமெரிக்கன் டயமண்ட் ஒன்றிலும் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு சந்தேகக் கல்லுக்குப் போவதே முறை.

இவ்வளவும் சரியாகச் செய்து 'பீப்' வந்தால், அந்தக் கல் வைரம் அல்லது மாய்ஸனைட். அவ்வளவுதான். மாய்ஸனைட் என்பது சிலிக்கன் கார்பைடு. ஆன்றி மாய்ஸன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1893-இல் அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்தின் மாதிரிகளில் இதைக் கண்டார். 1998 முதல் செயற்கையாகச் செய்து நகைக்கு விற்கிறார்கள். கடினத்தில் மோ அளவுகோலில் 9.25, வைரம் 10. சூட்டைக் கடத்துவதிலும் வைரத்துக்கு நெருக்கம், அதனால்தான் பேனா ஏமாறுகிறது. மின்கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் இருவழி டெஸ்டர்கள் உண்டு, விலை கூடுதல். அவை பெரும்பாலான மாய்ஸனைட்டைப் பிடித்துவிடும். ஆனால் மிகக் குறைவாக மின்சாரம் கடத்தும் மாய்ஸனைட்டும் வருகிறது, அது தப்பிவிடலாம். மறுபக்கம், போரான் கலந்த லேப் வைரங்கள் சில மின்சாரம் கடத்துவதால் 'மாய்ஸனைட்' என்று காட்டும். டெஸ்டர் மாய்ஸனைட் என்றதும் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட வேண்டாம்.

மாய்ஸனைட்டை உறுதியாகப் பிடிப்பது பேனாவைவிட மலிவான ஒரு பொருள், பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸ். எங்கள் கணிப்பில், இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் லூப்பை வாங்குங்கள். '30 மடங்கு' என்று போட்ட மலிவு லென்ஸ் வேண்டாம், ஓரங்களில் உருவம் கோணும், வெளிச்சமும் போதாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, மோதிரத்தை அதிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையையும் ஒன்றோடொன்று முட்டுக் கொடுத்தால் நடுக்கம் நிற்கும்.

இப்போது கல்லின் நடுத்தட்டையான பரப்பு வழியாகப் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள சாய்ந்த பட்டை ஒன்றின் வழியாக எதிர்ப்பக்க அடிப்பட்டைகளைப் பாருங்கள். கோடுகள் ஒற்றையாகத் தெரிந்தால் வைரமாகவோ அமெரிக்கன் டயமண்டாகவோ இருக்கலாம். ஒவ்வொரு கோடும் இரட்டையாக, தண்டவாளம் போலத் தெரிந்தால் மாய்ஸனைட். நேராக மேலிருந்து பார்த்தால் இந்த இரட்டைத்தனம் மறைந்துவிடும்படியாகத்தான் அந்தக் கல்லைப் பட்டை தீட்டுகிறார்கள், அதனால் சாய்த்துப் பார்ப்பது முக்கியம். பட்டைகள் சந்திக்கும் ஓரங்களையும் பாருங்கள். வைரத்தில் அவை கத்தி முனை போலக் கூராக இருக்கும், பல வருடம் அணிந்த பிறகும். அமெரிக்கன் டயமண்ட் மோதிரத்தில் சில வருடங்களிலேயே ஓரங்கள் மழுங்கி, சொட்டைகள் விழுந்திருக்கும். உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் கண்ணாடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிறத் தெறிப்பும் ஒரு குறிப்புத் தரும். ஒளியை வானவில்லாகப் பிரிக்கும் அளவு வைரத்துக்கு 0.044, அமெரிக்கன் டயமண்டுக்கு 0.06 ஒட்டி, மாய்ஸனைட்டுக்கு 0.104. விளக்கு வெளிச்சத்தில் கல் சிவப்பும் நீலமுமாக வாண வேடிக்கை காட்டினால் சந்தேகப்பட வேண்டும். நல்ல வைரத்தில் வெள்ளை வெளிச்சம்தான் முதலில் கண்ணில் படும், நிறம் இடையிடையே எட்டிப் பார்க்கும். நம் பக்கத்தில் 'நீரோட்டம்' என்று பெரியவர்கள் சொன்னது இந்த வெள்ளை ஒளியையும் சேர்த்துத்தான்.

லூப்பில் கல்லுக்குள் ஒரு கீற்று, ஒரு புள்ளி, ஒரு இறகு போன்ற விரிசல் தெரிந்தால் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். காகபாதம் (காக்கைக் கால் வடிவம்), விந்து (புள்ளி), ரேகை (கோடு) என்று தோஷம் பார்த்துக் கல்லை ஒதுக்குவது பழக்கம். உண்மையில் அந்தக் குறைதான் கல்லின் மச்சம். இன்னொரு கல்லோடு மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க உதவுவது அதுதான். மறு பாலிஷுக்கோ அளவு மாற்றவோ மோதிரத்தைக் கொடுப்பதற்கு முன், லூப் வழியாகப் பார்த்து எந்த மணிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கடிகார முகம் போல ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பொடிக் குறையும் இல்லாத, நிறமும் இல்லாத ஒரு பெரிய கல் குறைந்த விலைக்குக் கிடைத்தால்தான் நெஞ்சு பதைக்க வேண்டும்.

இனி லேப் வைரம். இது போலி அல்ல. அதே கார்பன், அதே கடினம், அதே ஒளி. பேனா, லூப், ஊதிப் பார்ப்பது எதுவும் இதைப் பிரிக்காது. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அதிக அழுத்தம், அதிக வெப்பத்தில் இதைச் செய்து காட்டியது. இன்று வாயுவிலிருந்து படியவைக்கும் சி.வி.டி. முறையிலும் ஏராளமாக உற்பத்தியாகிறது. விலை இயற்கை வைரத்தைவிடப் பல மடங்கு குறைவு. லேப் வைரம் என்று சொல்லி, அந்த விலைக்கு விற்றால் ஒரு தவறும் இல்லை, பட்ஜெட் சின்னதென்றால் தாராளமாக வாங்கலாம். இயற்கை வைரத்தின் விலைக்கு அதைத் தள்ளிவிடுவதுதான் மோசடி. ஆய்வகங்கள் இதை எப்படிப் பிரிக்கின்றன? இயற்கை வைரங்களில் நைட்ரஜன் இல்லாத 'டைப் டூ ஏ' வகை நூற்றில் இரண்டுகூட இருக்காது. சி.வி.டி. வைரங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். முதலில் அதை வடிகட்டி, பிறகு குறுகிய அலை புற ஊதாக் கதிரில் வளர்ச்சி அடுக்குகளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். வீட்டில் செய்ய முடிகிற வேலை அல்ல.

ஆகவே மோதிரத்தில் அரை காரட்டுக்கு மேல் கல் இருந்தால் ஆய்வக அறிக்கைத் தாள் வேண்டும், அந்தத் தாள் இந்தக் கல்லுக்குத்தான் என்பதும் நிச்சயமாக வேண்டும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. ஆகிய ஆய்வகங்களின் அறிக்கை எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். தாளிலுள்ள கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்வதைவிட, தள முகவரியை நீங்களே தட்டி உள்ளே போவது நல்லது, போலித் தாளின் குறியீடு போலித் தளத்துக்கே கூட்டிப்போகலாம். ஐ.ஜி.ஐ. லேப் வைர அறிக்கையின் எண் 'எல்.ஜி.' என்ற எழுத்துகளில் தொடங்கும். ஜி.ஐ.ஏ. 2025 அக்டோபர் 1 முதல் லேப் வைரத்துக்கு நிற, தெளிவுத் தரங்களைக் கொடுப்பதை நிறுத்தி, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்ற இரண்டே பிரிவு வைத்திருக்கிறது. அதற்குப் பிந்தைய தேதியிட்ட ஜி.ஐ.ஏ. லேப் வைரத் தாளில் 'டி' நிறம், 'வி.வி.எஸ்.' தெளிவு என்று இருந்தால் கேள்வி கேளுங்கள்.

பிறகு கல். அதன் இடுப்பு விளிம்பில் அறிக்கை எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். லூப்பில் கஷ்டப்பட்டுத் தெரியும், கடையின் மைக்ரோஸ்கோப்பில் சுலபமாகத் தெரியும். காட்டச் சொல்லுங்கள், நல்ல கடை தயங்காது. தங்க நுனி அதை மறைத்துக்கொண்டிருந்தால், மோதிரம் செய்யும்போதே எண் வெளியே தெரியும்படி கல்லைத் திருப்பி வைக்கக் கேட்கலாம். எண் மட்டும் போதாது. ஓர் இயற்கை வைரத்தின் எண்ணை லேப் வைரத்தின் விளிம்பில் பொறித்து அனுப்பப்பட்ட கற்கள் ஜி.ஐ.ஏ. ஆய்வகத்திலேயே பிடிபட்டிருக்கின்றன. அதனால் அளவும் சேர வேண்டும். அறிக்கையில் விட்டமும் உயரமும் மில்லிமீட்டரில் இரண்டு தசமம் வரை இருக்கும். கல் தனியாக இருக்கும்போதே டிஜிட்டல் அளவுகோலால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வட்ட வைரத்துக்கு ஒரு கணக்கு: விட்டம் பெருக்கல் விட்டம் பெருக்கல் உயரம் பெருக்கல் 0.0061. 5.1 மி.மீ. விட்டம், 3.15 மி.மீ. உயரம் என்றால் 0.50 காரட், அதாவது 50 சென்ட். அதே அளவு அமெரிக்கன் டயமண்ட் தராசில் 0.82 காரட் ஒட்டிக் காட்டும், அது அவ்வளவு கனம். மாய்ஸனைட் வைரத்தைவிடச் சற்று இலேசு, 0.46 ஒட்டி நிற்கும். கல்லைப் பதித்த பிறகு இந்தச் சோதனை கைவிட்டுப் போய்விடும்.

இன்னொரு நல்ல பொருத்தம் புற ஊதா ஒளி. அறிக்கையில் ஒளிர்வு என்ற இடத்தில் இல்லை, மங்கல், நடுத்தரம், வலுவானது என்று ஏதாவது ஒன்று இருக்கும். வலுவான நீலம் என்று போட்டிருந்தால் இருட்டறையில் 365 நானோமீட்டர் டார்ச்சின் கீழ் கல் நீலமாக எரிய வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச் தானே ஊதாவாக வெளிச்சம் அடிப்பதால் குழப்பும். எரியவில்லை என்பதால் மட்டும் கல் போலி ஆகாது. நூறு வைரத்தில் ஏறக்குறைய 25 முதல் 35 தான் ஒளிரும், பெரும்பாலும் நீலமாக. பாட்டிமார்கள் 'ப்ளூ ஜாகர்' என்று பொத்திப் பாதுகாத்த தோட்டின் பெருமையே இந்த நீலம்தான். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்தின் பெயர் நம் ஊர் வாயில் ஜாகர் ஆனது.

பொடிக் கற்கள் சுற்றிலும் பதித்த மோதிரத்தில் தாள் பெரும்பாலும் நடுக்கல்லுக்கு மட்டுமே இருக்கும். சுற்றியுள்ள பொடிகளில் லேப் கற்களைக் கலந்துவிடுவது சுலபம், பிடிப்பது கடினம். 'எல்லாக் கற்களும் இயற்கை வைரம்' என்ற வாசகத்தைப் பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி.

பில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹால்மார்க்கில் பி.ஐ.எஸ். முத்திரை, தூய்மை எண், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து அடையாளக் குறியான எச்.யு.ஐ.டி. மூன்றும் இருக்கும். 18 கேரட் தங்கத்துக்கு 750. எச்.யு.ஐ.டி.யை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் பார்க்கலாம். அது தங்கத்துக்கான சாட்சி, கல்லுக்கு அல்ல. 'ஹால்மார்க் இருக்கே' என்று சொல்லிக் கல்லின் கேள்வியை முடித்துவிட விடாதீர்கள். பில்லில் மொத்த எடை, தங்கத்தின் நிகர எடை, கல்லின் காரட், நிறம், தெளிவு, இயற்கையா லேபா என்பது, அறிக்கை எண், திரும்ப எடுக்கும் விகிதம் எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். ஒரு காரட் 0.2 கிராம். மோதிரம் மொத்தம் 4.100 கிராம், கல் 0.50 காரட் என்றால் தங்கம் 4.000 கிராமுக்குத்தான் காசு. கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டுவிடுகிற பில்கள் உண்டு.

வீட்டில் செய்யும் கைச் சோதனைகளில் ஒன்றைத் தவிர வேறு எதற்கும் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. தண்ணீரில் போட்டால் கண்ணாடியும் மூழ்கும். கண்ணாடியைக் கீறினால் ஸ்படிகமும் கீறும், கீறியதில் கல்லின் ஓரம் உடையலாம். நெருப்பில் காட்டித் தண்ணீரில் போடுவது விரிசல் உள்ள நிஜ வைரத்தையே பிளந்துவிடும். செய்தித்தாளில் எழுத்துத் தெரிகிறதா என்பது பதித்த கல்லுக்குப் பொருந்தாது. ஊதிப் பார்ப்பது மட்டும் கொஞ்சம் உதவும், வைரத்தில் ஆவி ஓரிரு நொடியில் மறையும். அதுவும் கோடையில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது எல்லாக் கல்லிலும் ஆவி தங்கும். மாய்ஸனைட் எந்த மாதத்திலும் இந்தப் பரீட்சையில் தேறிவிடும்.

பழைய தோடு, மூக்குத்தியை இந்தப் பேனாவால் சோதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் மூடி, அரக்கு வைத்துக் கட்டிய நகைகளை ஊறவைத்துக் கழுவக்கூடாது, ஈரம் உள்ளே போய்க் கல் கறுத்துப்போகும். ஈரத்துணியால் மேலே துடைத்துவிட்டுப் பேனாவை வையுங்கள். எடை, அடிப்பட்டை இரண்டும் அதில் பார்க்க முடியாது. விற்கப் போகிறீர்கள் என்றால் கல்லைக் கட்டிலிருந்து பிரித்து, உங்கள் கண்முன்னே எடை போட்ட பிறகே விலை பேசுங்கள்.

தாளும் கல்லும் ஒட்டவில்லை என்று தெரிந்தால், முதலில் கடைக்கு எழுத்துமூலம் சொல்லி, வேறோர் ஆய்வகத்தின் அறிக்கையை இணைக்க வேண்டும். பேனா காட்டிய விளக்கை யாரும் சாட்சியாக எடுக்கமாட்டார்கள். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை அங்கேயே வழக்குப் போடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.